பந்தெறிபவர்: தோழரா, பகைவரா?
(எல்லேயும் பேஸ்போலும் – ஒரு வரலாற்று நோக்கு)

கப்பல் நங்கூரமிடும் துறையிற் பண்டங்களோடு பழக்கங்களும் கரையேறுதல் வரலாற்றிற் பரக்கக் காணப்படும் நிகழ்ச்சியாகும். திருகோணமலைத் துறைமுகம் இதற்குச் சிறந்த சான்று. 1624 இல் இங்குக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், 1639 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1782 இல் சிலகாலம் இத்துறையை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர், 1795 இல் வந்து நிலைத்த ஆங்கிலேயர் எனப் பலரும் இத்துறைக்காகப் போரிட்டனர். ஈழத்தமிழர் நாவில் அலுமாரியும் சப்பாத்தும் போர்த்துக்கேயராலும், கந்தோர் ஒல்லாந்தராலும் வந்தன. துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் ஆங்கிலேயரால் வந்தன. ஆயின், இதே கடல்வழியே வந்த அமெரிக்கரின் பேஸ்போல் மட்டும் நம் கரையில் வேரூன்றவில்லை. அஃது ஏன் என்பதையும், அண்மைக் காலத்தில் மீண்டும் நம் நாட்டில் வளர்க்கப்படும் அவ்விளையாட்டில் நம்மவருக்குள்ள வாய்ப்பு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, பந்தெறிபவர் என்னும் ஒரு பாத்திரத்தின் வரலாற்றை நோக்குதல் இன்றியமையாதது.

கரை தொட்டுச் சென்ற விளையாட்டு

பேஸ்போல் இலங்கை மண்ணை முதன்முதல் மிதித்தது நேற்றோ இன்றோ அன்று. விளையாட்டுப் பொருள் வணிகரான அல்பேட் ஸ்போல்டிங் என்பார் 1888 இன் இறுதியில் இரண்டு அமெரிக்க அணிகளைத் திரட்டி உலகப் பயணம் மேற்கொண்டார். அவுஸ்திரேலியாவில் ஆடிவிட்டு எகிப்து நோக்கிச் செல்லும் வழியில் அவ்வணிகள் 1889 யனவரியிற் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடின. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1914 தொடக்கத்தில், சிக்காகோ, நியூயோர்க் நகரங்களின் அணிகள் உலகப் பயணத்தின் இடையே மீண்டும் கொழும்பை அடைந்தன. இரண்டு தடவையும் கப்பல் புறப்பட்டதும் விளையாட்டும் புறப்பட்டது.

திருகோணமலைக்கு அமெரிக்கர் பெருந்தொகையாக வந்தது இரண்டாம் உலகப் போரின்போதாகும். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் இத்துறையின் மீது குண்டு பொழிந்தன. 1944 மார்ச்சு இறுதியில் அமெரிக்க வானூர்தி தாங்கிக் கப்பலான சரட்டோகா பிரித்தானியரின் கீழைக் கடற்படையோடு சேர்ந்துகொள்ள இங்கு வந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 19 இல் சுமாத்திராவின் சபாங் துறை மீது நடந்த தாக்குதலுக்கு அக்கப்பல் இங்கிருந்தே சென்றது. போர் முடிந்ததும் அமெரிக்கர் சென்றனர். பிரித்தானியர் 1957 இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். ஆயினும் பிரித்தானியர் விட்டுச் சென்ற விளையாட்டுகள் நின்றன, அமெரிக்கருடையது நிற்கவில்லை.

வேரூன்றுதலின் இரகசியம்

இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கப்பலிலே தேடுதல் வீண், பாடசாலையிலே தேடவேண்டும். கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டத் தொடர் 1879 இல் ஆரம்பமானது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1904 இல் தொடங்கிற்று. ஆண்டுதோறும் ஒரே நாளில், தந்தை ஆடிய மைதானத்தில் மகன் ஆடும்போதுதான் அந்நிய விளையாட்டொன்று ஊர் விளையாட்டாகிறது. திருகோணமலையிலும் 1867 இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரி, 1897 இல் தோன்றிய இந்துக் கல்லூரி முதலியன கல்வியோடு விளையாட்டையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்துள்ளன.

யப்பானின் வரலாறு இக்கூற்றை வலியுறுத்துகின்றது. அங்குப் பேஸ்போலைக் கொண்டுவந்தவர் கப்பற்படையினர் அல்லர். ஹொரஸ் வில்சன் என்ற ஆசிரியர். 1872 அளவில் தோக்கியோவில் தம் மாணவருக்கு அவர் அதனைக் கற்பித்தார். 1915 இல் நாடளாவிய பாடசாலைச் சுற்றுப்போட்டி தொடங்கிற்று. அதன் பயனை 1934 நவெம்பர் 20 இல் உலகம் கண்டது. அமெரிக்காவின் தலைசிறந்த வீரர்கள் யப்பானுக்கு வந்து ஆடிய அத்தொடரில், பதினேழே வயதான எய்ஜி சவமுரா என்னும் இளைஞர் பேப் றூத், லூ கெரிக் உள்ளிட்ட நால்வரை அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். அவ்வாட்டத்தில் யப்பான் ஒரே ஓர் ஓட்டத்தால் தோற்றது. ஆனால் ஒரு நாட்டின் தன்னம்பிக்கை அன்று வென்றது. அவ்விளைஞர் படையிற் சேர்க்கப்பட்டு, 1944 டிசெம்பரில் அவர் சென்ற கப்பல் தாக்கப்பட்டதால் மாண்டார். போர் விளையாட்டிடமிருந்து எதனைப் பறிக்கும் என்பதைத் திருகோணமலை வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஏவலராக இருந்து எதிரியானவர்

இனிப் பந்தெறிபவரின் வரலாற்றை நோக்குவோம். நம் நாட்டிற் சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலும் பாடசாலைப் போட்டிகளிலும் ஆடப்படும் எல்லே நம் எல்லோருக்கும் பழக்கமானது. மூங்கிற் கழியாற் பந்தை அடித்து, வட்டமாக அமைந்த தரிப்பிடங்களைச் சுற்றி ஓடி வருவதே அதன் சாரம். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. அடித்த பந்தைப் பிடித்துவிட்டாலும், ஓடுபவர் மீது பந்தை எறிந்து படச்செய்தாலும் அவர் ஆட்டமிழப்பார். இதில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எல்லேயிற் பந்தை எறிபவர் பொதுவாக அடிப்பவரின் அணியைச் சேர்ந்தவரே. தோழன் விரும்பும் உயரத்தில், விரும்பும் வேகத்தில் பந்தை வழங்குவதே அவர் கடமை.

பேஸ்போலிலும் தொடக்க நிலை ஏறத்தாழ இத்தகையதே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அங்குப் பந்தெறிபவர் எதிரணியினராயினும், நெடுங்காலம் கையைத் தாழ்த்தியே எறிய வேண்டியிருந்தது. அடிப்பவர் தமக்கு உயர்ந்த பந்து வேண்டுமா தாழ்ந்த பந்து வேண்டுமா எனக் கேட்டுப் பெறும் உரிமையும் 1887 வரை இருந்தது. 1884 இல் தோளுக்கு மேலாகக் கையை உயர்த்தி எறிய அமெரிக்கத் தேசிய லீக் இசைவளித்தது. 1893 இல் எறியும் தூரம் 60 அடி 6 அங்குலம் என வரையறுக்கப்பட்டது. ஏவலராக இருந்தவர் பத்து ஆண்டுகளுள் எதிரியாக மாறினார். அம்மாற்றம் 1968 இல் உச்சத்தை எட்டிற்று. பொப் கிப்சன் போன்ற பந்தெறிபவர்களை அடிப்பவர்களால் எதிர்கொள்ள இயலாதுபோகவே, அடுத்த ஆண்டில் அவர்கள் நின்றெறியும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

பந்தை வளைத்தெறியும் கலையின் தோற்றமும் நம் போன்ற கடற்கரையோரத்தாருக்குச் சுவையானது. அதனைக் கண்டறிந்தவராகப் போற்றப்படும் கண்டி கமிங்ஸ், சிறுவனாகப் புறூக்ளின் கடற்கரையிற் சிப்பியோடுகளை எறிந்து விளையாடியபோது அவை காற்றில் வளைவதைக் கண்டே அவ்வெண்ணம் தமக்குத் தோன்றியதாகப் பின்னாளிற் கூறினார். நிலாவெளிக் கரையில் ஓடெறிந்து விளையாடாத சிறுவர் உளரோ?

இரு விளையாட்டுகளின் உறவு

துடுப்பாட்டப் பந்துவீச்சும் பேஸ்போல் எறிதலும் தொடர்பற்றன எனக் கருதுதல் தவறு. பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பாட் கிங் பேஸ்போல் ஆடிப் பின் துடுப்பாட்டத்துக்கு வந்தவர். அவர் அங்குக் கற்ற வித்தையால் துடுப்பாட்டப் பந்தைக் காற்றில் வளைத்து வீசினார். 1897 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் அணிக்கெதிராக 13 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் ஒன்று, முதற் பந்திலேயே வீழ்ந்த ரஞ்சித்சிங்ஜியுடையது. 1908 இல் இங்கிலாந்தில் 87 விக்கெட்டுகளைச் சராசரி 11.01 ஓட்டங்களுக்குக் கைப்பற்றி அவ்வாண்டின் பந்துவீச்சு வரிசையில் முதலிடம் பெற்றார்.

தூரத்திலும் இவ்விரண்டும் அண்மையானவை. துடுப்பாட்டத் தளம் 22 யார், அதாவது 66 அடி. 1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி மகாதேவ சதாசிவத்தின் தலைமையிலான இலங்கை அணியைக் கொழும்பிற் சந்தித்தபோது, தளம் தவறுதலாக 20 யாராக அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 20 யார் என்பது 60 அடி. அன்று நம் பந்துவீச்சாளர் தம்மையறியாமலே ஏறத்தாழப் பேஸ்போலின் தூரத்திலிருந்து வீசினர் எனலாம்.

எனினும் அடிப்படை வேறுபாடொன்றுண்டு. துடுப்பாட்டத்தில் வீசும் கையின் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்தல் ஆகாது. 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த முத்தையா முரளிதரனே 1995 இல் மெல்பேணில் இது பற்றிய ஐயத்துக்காளானார். பேஸ்போலிலோ முழங்கையை மடக்கி நிமிர்த்துவதே வேகத்தின் ஊற்று. ஆதலாற் சிறந்த பந்துவீச்சாளரே சிறந்த பந்தெறிபவராவார் என எண்ணுதல் பொருந்தாது. எல்லைக்கோட்டருகே நின்று விக்கெட்டை நோக்கி நேராகவும் விரைவாகவும் எறியும் களத்தடுப்பாளரிடமே அத்திறன் இயல்பாக அமைந்துள்ளது.

அணியின் வாய்ப்பும் எறிதலின் உபாயமும்

இன்றைய நிலையை நோக்குவோமாயின், கொழும்புக்கு அருகே தியகமவில் யப்பானிய நட்புறவின் பயனாக 2012 இல் பேஸ்போல் மைதானமொன்று திறக்கப்பட்டது. 2019 இல் மேற்காசியக் கிண்ணத்தை இலங்கை அணி வென்றது. ஆயினும் யப்பான், தென்கொரியா, தாய்வான் ஆகியவற்றுக்கும் நமக்குமிடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தின் காரணத்தை மேற்கூறிய வரலாறு விளக்குகின்றது. எல்லே ஆடிய நாடு அடிப்பவரையும் ஓடுபவரையும் களத்தடுப்பாளரையும் இயல்பாகவே உருவாக்கும். ஆனால், தோழனுக்குப் பந்து வழங்கிப் பழகிய மரபிலிருந்து, அடிப்பவரை ஏமாற்றும் பந்தெறிபவர் தானே தோன்றமாட்டார். அவரைத் தேடி வளர்க்க வேண்டும்.

அவர் கற்கவேண்டிய உபாயம் மூன்று. முதலாவது, கட்டுப்பாடு. அடிப்பவர் முன்னுள்ள தளம் 17 அங்குல அகலமே. அதற்குப் புறம்பாக நான்கு பந்துகள் சென்றால், அடிப்பவர் அடியாமலே முதற் தளத்தை அடைவார். முதற் பந்தை எல்லைக்குள் எறிபவர் அடிப்பவரைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளுகின்றார். இரண்டாவது, வேகமாற்றம். விரைந்த பந்து அடிப்பவரை அடைய அரை விநாடியும் ஆகாது. அதே கையசைவில் மெதுவான பந்து வருமாயின் மட்டை முன்னதாகவே சுழன்றுவிடும். மூன்றாவது, திட்டம். உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று எனப் பின்னின்று பிடிப்பவரின் சைகைப்படி எறிந்து, எதிரி எதிர்பாராததை இறுதிக்கு வைத்தல். வேகம் பிறப்பால் வரலாம். இம்மூன்றும் பயிற்சியாலேயே வரும்.

இங்கு எச்சரிக்கையொன்றும் வேண்டும். நல்ல பந்தெறிபவர் ஒருவரே உள்ள பாடசாலை அவரையே எல்லா ஆட்டங்களிலும் எறியச் செய்து அவர் முழங்கையைக் கெடுத்துவிடல் எளிது. யப்பானிலேயே 2020 முதல் உயர்பாடசாலைப் போட்டிகளில் ஒருவர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியலாகாதென விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒருவரையன்றி மூவர் நால்வரை வளர்ப்பதே அறிவுடைமை.

முடிவுரை

இதுவரை இந்நாட்டுப் பேஸ்போலின் முன்னணி வீரருட் பெரும்பாலோர் முப்படை அணிகளிலிருந்து வந்துள்ளனர். படைமுகாமில் வளரும் விளையாட்டு வளரட்டும். ஆயின் போரின் நீண்ட ஆண்டுகளில் மைதானத்தை இழந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாயில் எளிதில் திறவாது. அவர்களுக்கு உரிய வாயில் பாடசாலை. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் எல்லே ஆடும் மாணவரிடையே, மக்கெய்சர் விளையாட்டரங்கில் எல்லைக்கோட்டிலிருந்து எறியும் இளைஞரிடையே, அடுத்த பந்தெறிபவர் இருத்தல் கூடும். திருகோணமலை வளாகத்து மாணவர் விடுமுறையில் ஒரு பாடசாலையையேனும் தேர்ந்து, பத்துப் பிள்ளைகளுக்குப் பந்தெறியக் கற்பிப்பாராயின், 1889 இலும் 1914 இலும் 1944 இலும் கப்பல்கள் செய்யத் தவறியதை ஓர் ஆசிரியர் செய்துவிடலாம்.

1942 இல் குண்டு பொழிந்த நாட்டினர் இன்று நமக்கு மைதானம் அமைத்துத் தந்துள்ளனர். பகைவர் தோழராதல் வரலாற்றில் இயல்வதே. எல்லேயில் தோழனுக்கு எறிந்த கை, ஆட்டம் முடியுமளவேனும் பகைவனுக்கு எறியக் கற்றுக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்தபின் அதே கை எதிரணியினரின் கையைப் பற்றட்டும்.