டோர்ட் மாமன்றமும் முன்குறித்தல் வழக்கும்

அனைத்தையும் கடவுளே தீர்மானிக்கிறார் என்றால் தான் செய்யும் பாவத்துக்கு மனிதன் எவ்வாறு பொறுப்பாவான் என்ற கேள்வி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தை உள்நாட்டுப் போரின் விளிம்புவரை கொண்டுசென்றது. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாக்கோபஸ் அர்மீனியஸ், மீட்படைவோர் யார் என்பதைக் கடவுள் உலகம் தோன்றுமுன்பே முடிவுசெய்துவிட்டார் என்னும் 'முன்குறித்தல்' கோட்பாட்டை, ஒருவர் விசுவாசிப்பதை முன்னறிந்தே கடவுள் அவரைத் தெரிந்துகொள்கிறார் என்று விளக்க, உடன் பணியாற்றிய ஃபிரான்சிஸ்கஸ் கோமாரஸ், அது இறையாண்மையைக் குறைப்பதாக எதிர்த்தார். அர்மீனியஸ் 1609இல் மறைந்தபின், அவர்வழி நின்ற போதகர்கள் 1610இல் ஐந்து கூறுகள் கொண்ட முறையீட்டை முன்வைத்தனர்.

1618 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம் அவற்றை நிராகரித்தது. ஆயினும் அதன் தீர்மானங்களை வெறும் விதிவாதம் என்று ஒதுக்குவது நியாயமன்று. விசுவாசம் கடவுளின் கொடை, அவிசுவாசத்தின் குற்றமோ மனிதனுடையதே என்று வகுத்த அவை, கிருபை மனிதரைக் கட்டையாகவும் கல்லாகவும் நடத்தாமல், அவர்களது சித்தத்தை உயிர்ப்பித்துக் குணப்படுத்துகிறது என்றும் அறிவித்தன.

எழுத்தில் இருந்த இந்தக் கனிவு செயலில் இல்லாமற்போனது வேதனைக்குரியது. முறையீட்டாளர்கள் 1619 ஜனவரியில் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 200 போதகர்கள் பணியிழந்தனர். அவர்களை ஆதரித்த அரசியல் தலைவர் யோஹான் ஃபான் ஓல்டன்பார்னவெல்ட், தேசத்துரோகக் குற்றச்சாட்டில், தமது 71ஆம் வயதில் ஹேக் நகரில் தலை வெட்டப்பட்டார். ஆயுள் சிறை விதிக்கப்பட்ட சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ், 1621இல், லூவஸ்டெய்ன் கோட்டைக்குப் புத்தகங்கள் வந்துபோன மரப்பெட்டிக்குள் மனைவியின் ஏற்பாட்டால் ஒளிந்து தப்பினார்.