பழங்குடி மாணவர்களுக்கு சீட் கிடைத்தால் மட்டும் போதுமா? திருப்பதி, சித்தூர் சொல்லும் கணக்கு

ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவில், இஸ்ரோ வருவதற்கு முன்பு யார் வாழ்ந்தார்கள் தெரியுமா? யானாதி பழங்குடியினர். ஏவுதளத்துக்காக அவர்கள் தீவைவிட்டு இடம்பெயர்க்கப்பட்டார்கள். 1971-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது.

அந்தத் தீவு இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவான மாவட்டம் இது. ஐஐடி, ஐஐஎஸ்இஆர், 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-ல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் எல்லாமே இங்கேதான். கல்லூரி பக்கத்திலேயே இருக்கு. ஆனால் ஒரு யானாதி குடியிருப்பிலிருந்து பட்டமளிப்பு விழா மேடை வரை போகும் பாதை ஏன் இவ்வளவு நீளம்?

இந்த மாணவர்கள் யார்?

இந்தப் பகுதியின் முக்கியப் பழங்குடியினர் யானாதி, எருகுல, சுகாலி சமூகத்தினர். எருகுல மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர் என்று அறியப்படுபவர்கள் ஆந்திராவின் எஸ்டி பட்டியலில் 'நக்கலா, குருவிக்காரன்' என்ற பெயரில் 2003-லேயே சேர்ந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு அது கிடைத்தது 2023 ஜனவரியில்தான். ஒரு எல்லைக்கோடு, 20 வருட வித்தியாசம்!

சிக்கல் எங்கே ஆரம்பிக்குது?

மக்கள் எண்ணிக்கை பரவியிருக்கும் விதத்தில். 2011 கணக்கெடுப்பின்படி, பழைய சித்தூர் மாவட்டத்தில் பழங்குடியினர் சுமார் 3.8%, நெல்லூரில் சுமார் 9.7%. ஊருக்குச் சில குடும்பங்கள் என்று சிதறி வாழ்கிறார்கள். ஆனால் அரசுத் திட்டங்கள் பலவும் பழங்குடியினர் அடர்த்தியாக வாழும் மலைப்பகுதிகளை மனதில் வைத்தே போடப்பட்டவை.

உதாரணமாக, ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளிகளை விரிவாக்க 2018-ல் மத்திய அரசு வைத்த அளவுகோல்: ஒரு வட்டாரத்தில் பழங்குடியினர் 50%-க்கு மேல், குறைந்தது 20,000 பேர் இருக்க வேண்டும். சித்தூர் பக்கம் பெரும்பாலான மண்டலங்கள் இதைத் தொடவே தொடாது. 2019-ல் தொடங்கிய ஆந்திர மத்தியப் பழங்குடியினர் பல்கலைக்கழகமும் இருப்பது விஜயநகரத்தில். திருப்பதியிலிருந்து கிட்டத்தட்ட 800 கி.மீ.

சீட்டுக்கும் பணத்துக்கும் என்ன வழி?

வழிகள் இருக்கின்றன:

• இடஒதுக்கீடு: மத்திய நிறுவனங்களில் 7.5%, ஆந்திர அரசுக் கல்லூரிகளில் 6%.
• ஐஐடி-யில் எஸ்டி மாணவர்களுக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. கட்-ஆஃப் கொஞ்சம் தவறியவர்களுக்கு, இடம் காலியாக இருந்தால், ஒரு வருட ஆயத்தப் படிப்பும் உண்டு.
• போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்.
• பிஎச்.டி-க்கு ஆண்டுக்கு 750 தேசிய ஃபெல்லோஷிப்கள்; வெளிநாட்டில் படிக்க 20 உதவித்தொகைகள்.

எல்லாவற்றுக்கும் முதல் சாவி சாதிச் சான்றிதழ். பிறப்புச் சான்று, நிலையான முகவரி இல்லாத குடும்பத்துக்கு அதுவே பெரிய நுழைவுத் தேர்வு.

உள்ளே போன பிறகு என்ன நடக்குது?

நாடு முழுக்க உயர்கல்வியில் எஸ்டி மாணவர்கள் 2014-15-ல் 16.41 லட்சம். 2021-22-ல் 27.1 லட்சம். பெரிய வளர்ச்சிதான். இருந்தும் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருக்க, பழங்குடியினருக்கு அது 21.2.

இன்னொரு பட்டியலையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னபடி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் பாதியில் வெளியேறிய எஸ்டி மாணவர்கள்: மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2,622, ஐஐடி-களில் 408, ஐஐஎம்-களில் 91. மொத்தம் 3,121. இவர்களில் வேறு படிப்புக்கோ, வேறு நிறுவனத்துக்கோ மாறியவர்களும் உண்டு என்கிறது அரசு. சரி. ஆனால் எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் வீட்டுக்கே திரும்பினார்கள் என்று இந்த எண்கள் பிரித்துச் சொல்வதில்லை.

எது படிப்பை முடிக்க வைக்கிறது?

முதலாவது, நேரத்துக்கு வரும் பணம். அரசு தர வேண்டிய ஃபீஸ் தாமதமானால், சுமை மாணவர் தலையில் விழுகிறது. பாக்கியைக் காட்டிக் கல்லூரி அசல் சான்றிதழைப் பிடித்து வைத்தால், வேலையும் மேற்படிப்பும் அங்கேயே நின்றுவிடும். அப்படிப் பிடித்து வைக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது.

இரண்டாவது, மொழி. தெலுங்கு வழியில் படித்துவிட்டு வரும் எருகுல மாணவருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. முதல் செமஸ்டரில் விழும் அரியர், அறிவுக் குறைவு அல்ல. பாலம் இல்லாததன் விளைவு.

மூன்றாவது, 'இது நம்ம இடம்' என்கிற நினைப்பு. அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினர் 1968-ல் தங்கள் நிலத்திலேயே சொந்தக் கல்லூரி தொடங்கினார்கள். இன்றைய டினே கல்லூரி அதுதான். அங்கே அவர்களின் மொழியும் வரலாறும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. சிதறி வாழும் யானாதிகளுக்குத் தனிக் கல்லூரி எளிதில்லை. ஆனால் ஒரு சீனியர், உண்மையிலேயே இயங்கும் எஸ்சி-எஸ்டி செல், சாதிப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்யாத ஹாஸ்டல் அறை, இதெல்லாம் எந்த வளாகத்திலும் சாத்தியம்.

நாம என்ன செய்யலாம்?

வீட்டின் முதல் பட்டதாரி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்ப ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். முதல் செமஸ்டர் முடியும்வரை வாரம் ஒரு போன் செய்யுங்கள். படித்த கல்லூரியில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை எஸ்டி மாணவர்களைச் சேர்த்தீங்க என்பது சரி, எத்தனை பேர் முடிச்சாங்க?"