சபுராளியின் வாக்கு



கடந்த தேர்தலுக்கு மறுநாள், மதரஸாவில் பாடம் முடிந்த பின்னர் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். "ஹஜ்ரத், உம்மா விரல்ல மை வச்சுட்டு வந்தாங்க. சவூதியில இருக்குற அத்தாவுக்கு ஓட்டு இல்லையா?" என்று கேட்டான். இருக்கிறது என்று சொல்வதும் இல்லை என்று சொல்வதும் முழு உண்மையாகா. அவனுடைய கேள்விக்குரிய விடை ஒரு நீண்ட வரலாற்றில் இருக்கிறது.

முதலில் நாம் நன்கறிந்த இரு நிகழ்வுகளை நினைவுகூர்வோம். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் தோழர்கள் மரத்தடியில் பைஅத் செய்தபோது உஸ்மான் (ரலி) அவர்கள் அங்கே இல்லை. தூதராக மக்காவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தமது ஒரு கையை மறு கையின்மீது வைத்து, அது உஸ்மானுக்குரியது என அறிவித்தார்கள். அதற்கு முன்னர், ஹிஜ்ரி 2ஆம் ஆண்டின் பத்ருப் போரிலும் உஸ்மான் (ரலி) அவர்கள் கலந்துகொள்ளவில்லை. நோயுற்றிருந்த தம் மனைவியார் ருகையா (ரலி) அவர்களைக் கவனித்துக்கொள்ள மதீனாவில் தங்கியிருந்தார்கள். அப்போதும் அவர்களுக்குரிய பங்கு குறைக்கப்படவில்லை. முதலில் சொன்னது பொதுக் கடமைக்காக விலகி இருந்தது. அடுத்தது குடும்பக் கடமைக்காக விலகி இருந்தது. பைஅத்தும் இன்றைய வாக்களிப்பும் ஒன்றல்ல. எனினும் கடமையின் பொருட்டு வராதவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாகாது என்ற நீதி அங்கே தெளிவாகத் தெரிகிறது.

உலக அரசுகள் இந்த நீதியின் முதற்பாதியை மட்டுமே விரைவாக ஏற்றுக்கொண்டன. 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு நடுவே தேர்தல் வந்தபோது, பல மாநிலங்கள் போர்முனையிலிருந்த வீரர்கள் வாக்களிக்க வழி செய்தன. 1918இல் பிரிட்டன், வெளிநாட்டில் பணியாற்றிய படையினர் அஞ்சல் வழியாகவோ பதிலாள் வழியாகவோ வாக்களிக்கச் சட்டம் இயற்றியது. அரசின் பணிக்காகச் சென்றவரின் வாக்கு அவரைத் தேடிச் சென்றது. பிழைப்புக்காகச் சென்றவரின் வாக்கோ அவர் திரும்பி வரும்வரை ஊரிலேயே காத்திருந்தது.

இந்தியாவிலும் இதுவே நடந்தது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் எந்தத் தொகுதியில் வழக்கமாக வசிக்கிறாரோ அங்கேதான் வாக்காளராகப் பதிய முடியும் என வகுத்தது. படைவீரர்கள், வெளிநாட்டிலுள்ள தூதரகங்களில் பணிபுரியும் அரசு ஊழியர்கள் போன்றோருக்கு விலக்களித்தது. அவர்கள் அஞ்சல் வாக்கு அளிக்கவும் வழி கிடைத்தது. 2003இல் படையினருக்குப் பதிலாள் மூலம் வாக்களிக்கும் வசதியும் கிடைத்தது. 2016இல் வாக்குச்சீட்டை மின்னணு வழியில் அனுப்பும் முறை வந்தது. வீரர் அதனை அச்சிட்டு, தம் வாக்கைப் பதிந்து, அஞ்சலில் திருப்பி அனுப்பலாம். அம்முறை முதன்முதலில் செயல்பட்டது நம் அருகிலுள்ள புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான்.

நம் சபுராளிகளின் நிலை என்ன? பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை எனக் கடல் கடந்து சென்ற நம் முன்னோரின் பாதை, 1970களின் எண்ணெய் வளத்துக்குப் பின் வளைகுடா நாடுகளை நோக்கித் திரும்பியது. அங்கே எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. ஆகவே அவர் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார். ஆனால் 'வழக்கமாக வசிப்பவர்' இல்லை என்பதால் ஊரிலுள்ள பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டு வந்தது. குடிமகன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு, எந்த மண்ணிலும் வாக்கு இல்லாதவராக அவர் வாழ்ந்தார்.

2010இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வேலைக்காகவோ கல்விக்காகவோ வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் தம் கடவுச்சீட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் பதிவு செய்ய உரிமை வழங்கியது. 2011 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் வாக்குப்பதிவு நாளன்று அவர் தம் கடவுச்சீட்டுடன் வாக்குச்சாவடிக்கு நேரில் வரவேண்டும் என்பது நிபந்தனை. விமானக் கட்டணமும் விடுப்பும் யாருக்கு எளிதோ அவருக்கே அந்த உரிமை பயன்படும்.

எண்கள் இதற்குச் சான்று. 2019 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த வெளிநாடு வாழ் வாக்காளர் ஏறத்தாழ 99,000 பேர். வாக்களித்தவர்களோ சுமார் 25,600 பேர்தாம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர். அம்மக்கள் தேர்தலுக்கென்றே தனி விமானங்கள் ஏற்பாடு செய்து ஊர் திரும்பியவர்கள். 2024இல் பதிவு ஏறத்தாழ 1,19,000 ஆக உயர்ந்தும், வாக்களித்தவர் 3,000 பேரை எட்டவில்லை.

தீர்வுக்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 2013இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பதிலாள் மூலம் வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. ஆனால் மாநிலங்களவையில் நிறைவேறாமலேயே 2019இல் அவை கலைந்ததும் காலாவதியானது. 2020 நவம்பரில், படைவீரர்களுக்குரிய மின்னணு அஞ்சல் முறையை வெளிநாடு வாழ் வாக்காளருக்கும் விரிவாக்கத் தயார் எனத் தேர்தல் ஆணையம் அரசுக்கு எழுதியது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த தேர்தலிலும் அது நடைமுறைக்கு வரவில்லை.

இயலாத காரியம் என்றும் சொல்வதற்கில்லை. பிலிப்பைன்ஸ் 2003இல் சட்டம் இயற்றி, 2004 முதல் தன் தொழிலாளர்கள் வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்க வகை செய்துவிட்டது. ரியாத்திலும் துபாயிலும் நம் பிள்ளைகளோடு ஒரே நிறுவனத்தில் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் அங்கிருந்தபடியே வாக்களிக்கிறார். அருகில் நிற்கும் நம்மவர் கைப்பேசியில் தேர்தல் முடிவுகளைப் பார்ப்பதோடு சரி.

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பவை சில. சபுரில் இருப்பவர் படிவம் 6ஏ வழியாகப் பெயரைப் பதிவு செய்யட்டும். பதிவானவர்களின் எண்ணிக்கை உயராதவரை கோரிக்கைக்கு வலிமை பிறக்காது. நிரந்தரமாக ஊர் திரும்பியதும் அதனைத் தெரிவித்து, பொது வாக்காளராகப் பதிந்துகொள்ளட்டும். பட்டியல் திருத்தப் பணி நடைபெறும்போது வீட்டிலுள்ள பெண்களும் பெரியோரும் அவருடைய நிலையை மறைக்காமல் உள்ளபடி சொல்லட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டியலில் பெயர் நீடிக்கிறது என்பதற்காக, வெளிநாட்டிலிருக்கும் அண்ணனின் வாக்கைத் தம்பி சென்று போட்டுவிடுவது சிலருக்குச் சிறு காரியமாகத் தோன்றுகிறது. வாக்கு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் விளக்கியுள்ளார்கள். பிறர் பெயரில் சொல்லும் சாட்சியம் பொய்ச் சாட்சியமே. சட்டப்படியும் அது குற்றம். ஹுதைபிய்யாவில் உஸ்மான் (ரலி) அவர்களுக்காக நீட்டப்பட்ட கை, அதற்கு உரிமையுள்ளவரால், எல்லாத் தோழர்களும் காணும்படி நீட்டப்பட்ட கை. ஒளித்துச் செய்வதற்கு அதில் ஆதாரம் தேடலாகாது.

அந்த மாணவனிடம் இறுதியில் இப்படிச் சொன்னேன்: "அத்தாவுக்கு உரிமை இருக்கிறது. அது அவரிருக்கும் இடம்வரை போய்ச் சேர இன்னும் வழி போடவில்லை. அந்த வழியைக் கேட்பது உன் தலைமுறையின் அமானிதம்."

வல்ல அல்லாஹ் நம் சபுராளிகளைப் பாதுகாத்து, நலமுடன் குடும்பத்தாரோடு சேர்த்து வைப்பானாக. ஆமீன்.