கணினிக் கடிகார ஒத்திசைவு

கணினியின் இயங்குதளம் வைத்திருக்கும் நேரத்தை உலகப் பொது நேரத்தோடு இடைவிடாமல் ஒப்பிட்டு, பிசகைக் கணக்கிட்டு, ஓடும்போதே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு கணினிக் கடிகார ஒத்திசைவு எனப்படும். இந்தத் திருத்தம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் நடக்கிறது. இதன் கருவிகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவானவை. ஆனால் இதற்கு அடிப்படையான கேள்விகளைத் தமிழகக் கடற்கரை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. கடிகாரம் இப்போது எவ்வளவு பிசகியிருக்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு பிசகுகிறது, சரியான நேரம் நம்மை வந்தடைய எவ்வளவு தாமதமாகிறது என்பவையே அவை. கொற்கை முத்துக்கரையும் அதன் வழித்தோன்றலான தூத்துக்குடித் துறைமுகமும் இந்த வரலாற்றின் பல கட்டங்களைக் கண்டிருக்கின்றன.

பிசகின் காரணம்

பெரும்பாலான கணினிகளில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று, மதர்போர்டில் சிறிய பேட்டரியால் ஓடுவது. கணினியை அணைத்த பிறகும் இது நேரத்தை வைத்திருக்கும். மற்றது கெர்னலின் கடிகாரம். கணினி கிளம்பும்போது முதல் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொண்டு, பிறகு செயலியிலோ சிப்செட்டிலோ உள்ள எண்ணியைக் கொண்டு தானாக ஓடும்.

இரண்டுக்கும் அடிப்படை குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. பேட்டரிக் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டது. அந்த எண் துல்லியமாக அமைவதில்லை. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் நாளொன்றுக்கு 0.0864 நொடி வித்தியாசம் வரும். விலை குறைந்த படிகத்தில் 20 பங்கு பிசகு சாதாரணம். அது நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறத்தாழ 52 நொடி.

வெப்பமும் பிசகை மாற்றும். பேட்டரிக் கடிகாரத்தின் படிகம் 25 பாகை செல்சியஸ் அளவில் தன் உச்ச வேகத்தில் ஓடும். சூடு ஏறினாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 45 பாகையில் பத்து இலட்சத்துக்கு 13 அல்லது 14 பங்கு பின்தங்கும், அதாவது நாளுக்கு ஒரு நொடிக்கு மேல். வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் ஓடும் கருவியும் குளிரூட்டிய அறையில் ஓடும் கருவியும் ஒரே கடையில் வாங்கியவையாக இருந்தாலும் வெவ்வேறு நேரம் காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

முத்துக்கரையும் கப்பல் நேரமும்

தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் பாண்டியரின் துறையாக விளங்கியது கொற்கை. ஆறு கொண்டுவந்த மணலால் கடல் விலக, துறை முதலில் பழைய காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கப் போன படகுகளுக்குக் காற்றே கடிகாரம். இரவில் கரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துக் கிளம்பி, விடியும்போது முத்துப்பார்களை அடைந்து, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். மூழ்குபவரின் நேரம் அவரது மூச்சு. ஏறத்தாழ ஒரு நிமிடம். கரை கண்ணுக்கெட்டும் தொலைவில் நடந்த அந்தத் தொழிலுக்கு இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது.

பெருங்கடலைக் கடந்த கப்பல்களுக்கு அது போதவில்லை. நடுக்கடலில் தீர்க்கரேகையை அறியப் புறப்பட்ட இடத்தின் நேரம் தெரிந்தாக வேண்டும். நிலநடுக்கோட்டருகே நேரத்தில் 4 நொடி பிசகினால் கப்பலின் இடம் ஒரு கடல் மைல் தவறிவிடும். இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் செய்த கடல் கடிகாரம் 1761–62 பயணத்தில் இதற்கு வழி காட்டியது. கடல் கடிகாரத்தைக் கையாண்ட மாலுமிகள் வகுத்த வழக்கம் முக்கியமானது. அவர்கள் கடிகாரத்தின் முள்ளைத் தொடுவதில்லை. துறைமுகத்தில் நிற்கும்போது அது எத்தனை நொடி பிசகியிருக்கிறது, நாளுக்கு எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு, கடலில் அந்தக் கணக்கைக் கூட்டிக் கழித்து உண்மை நேரத்தைக் கண்டார்கள். இன்றைய கெர்னல் செய்வதும் இதுவே.

சென்னையின் பீரங்கி

வில்லியம் பெட்ரி 1786இல் தொடங்கிய தனியார் வானாய்வகத்தை வேராகக் கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. அதை அமைத்தவர் மைக்கேல் டாப்பிங். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையை வகுத்தார். அதன்படி சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. ஆய்வகக் கடிகாரத்தின்படி இரவு 8 மணிக்கு வெடித்த பீரங்கி ஊருக்கு நேரம் சொன்னது.

ஒலி காற்றில் பயணம் செய்ய நேரம் எடுக்கும் என்பதால், சத்தம் கேட்ட கணமும் பீரங்கி வெடித்த கணமும் ஒன்றல்ல. இந்தத் தாமதத்தை அளந்தவரும் கோல்டிங்காம்தான். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆய்வகத்திலிருந்து கணித்து, ஒலியின் வேகம் பற்றிய முடிவுகளை 1823இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். கோட்டை ஆய்வகத்திலிருந்து 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில் இருந்தது; ஒலி வர ஏறத்தாழ 12 நொடி. பரங்கிமலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 26 நொடி. வெப்பமும் காற்றும் மாறினால் அந்தத் தாமதமும் மாறும் என்பதை அவருடைய அளவீடுகள் காட்டின. கணினி வலையமைப்பில் நேரம் பகிர்பவர்கள் இன்றும் சந்திப்பது மாறிக்கொண்டே இருக்கும் தாமதம் என்ற இதே சிக்கலைத்தான்.

இரயில் நேரமும் இந்திய நேரமும்

தந்தியும் இரயிலும் பரவியபோது சென்னை நேரம் இரயில் நேரமாயிற்று. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னைக்கு மேற்கே இருப்பதால் தூத்துக்குடியின் சூரிய நேரம் சென்னை நேரத்துக்கு 8 நிமிடத்துக்கு மேல் பிந்தும். ஊர் ஒரு நேரத்திலும் இரயில் வேறு நேரத்திலும் ஓடிய காலம் அது.

1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்திய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் இலங்கையும் அதே நேரத்தை ஏற்றது. கொழும்புக்குக் கப்பல் ஓட்ட வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் பதிவானபோது, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம் வந்துவிட்டிருந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் பழைய நேரத்தை விடவில்லை.

கெர்னலுக்குள் நேரம்

தொடக்கக் கால யூனிக்ஸ் நொடிக்கு 60 முறை வரும் மின்துடிப்பை எண்ணி நேரத்தைக் கண்டது. பின்னர் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையே யூனிக்ஸின் நேரம் என்று நிலைபெற்றது. கணினி தனியாக இருந்தவரை, நேரம் பிசகினால் நிர்வாகி கையால் திருத்துவார். கணினிகள் வலையமைப்பில் இணைந்தபோது அது ஆபத்தாயிற்று. நேரத்தைத் திடீரெனப் பின்னுக்கு இழுத்தால் ஒரே கணம் இருமுறை வரும். பிறகு எழுதிய கோப்பு முன்பு எழுதியது போலத் தோன்றும். தரவுத்தளத்தின் வரிசை குலையும்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.3பிஎஸ்டி இயங்குதளம் இதற்கு ஒரு வழி தந்தது. அதன் அட்ஜ்டைம் என்ற கெர்னல் அழைப்பு, நேரத்தைத் தாவவிடாமல் ஒவ்வொரு துடிப்பையும் சற்று நீட்டியோ குறுக்கியோ பிசகைக் கரைத்தது. பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் 1985 செப்டம்பரில் வலையமைப்பு நேர நெறிமுறையான என்டிபியை வெளியிட்டார். கேட்ட நேரம், சேவையகத்துக்குக் கேள்வி போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், பதில் வந்த நேரம் என நான்கு நேரங்களைக் கொண்டு பிசகையும் தாமதத்தையும் தனித்தனியே பிரிக்கும் முறை அது. போக்குக்கும் வரத்துக்கும் ஒரே தாமதம் என்று இந்தக் கணக்கு கொள்கிறது. இரண்டும் வேறுபட்டால், வேறுபாட்டில் பாதி நேரப் பிசகாக நின்றுவிடும்.

பிசகைக் கண்டறிவது சாதாரண நிரலால் முடியும். அதைச் சீராகத் திருத்துவது முடியாது. நிரல் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். கெர்னலோ ஒவ்வொரு துடிப்பின்போதும் விழித்திருக்கிறது. ஆகவே மில்ஸ் 1994 மார்ச்சில் வெளியிட்ட ஆவணத்தில் திருத்தும் வேலையைக் கெர்னலுக்கே மாற்றினார். வெளியிலிருக்கும் நிரல் பிசகின் அளவை மட்டும் சொல்லும். கெர்னல் அந்தப் படிகத்தின் இயல்பான பிசகு வேகத்தைக் கற்றுக்கொண்டு துடிப்புக்குத் துடிப்பு ஈடுகட்டும். கற்ற வேகத்தை என்டிபி நிரல் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும். கப்பல் பதிவேட்டின் தினப் பிசகுக் கணக்குக்கு நிகரான கோப்பு அது.

லினக்ஸ் கெர்னல் முதலில் நொடிக்கு 100 துடிப்புகளை எண்ணியது. வேலைப் பளுவில் சில துடிப்புகள் தவறினால் நேரம் பின்தங்கிவிடும். 2006இல் ஜான் ஸ்டல்ட்ஸ் முன்னெடுத்த மாற்றத்தால் துடிப்பை எண்ணுவது கைவிடப்பட்டது. செயலியின் எண்ணியைப் படித்து, அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி நேரம் காணும் முறை வந்தது. ஒத்திசைவு என்பது அந்தப் பெருக்கெண்ணை மிகச் சிறிதளவு மாற்றுவதுதான். படிகத்தை யாரும் தொடுவதில்லை. என்டிபி முறையில் இந்த மாற்றத்துக்குப் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரம்பு உண்டு. அந்த வேகத்தில் ஒரு நொடிப் பிசகைக் கரைக்க 2,000 நொடி, அதாவது 33 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒத்திசைவு நிலைத்திருக்கும்போது கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரிக் கடிகாரத்தையும் திருத்திவைக்கும்.

இத்துடன், எப்போதும் பின்னோக்கிப் போகாத இன்னொரு கடிகாரத்தையும் கெர்னல் தருகிறது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கும் நிரல் அதைத்தான் பார்க்க வேண்டும். மைக்ரோநொடிக்கும் குறைந்த துல்லியத்துக்காக 2002இல் பிடிபி என்ற நெறிமுறை தரப்படுத்தப்பட்டது. 2011இல் வந்த லினக்ஸ் 3.0, வலையமைப்பு அட்டைக்குள்ளேயே இருக்கும் கடிகாரங்களையும் கையாளத் தொடங்கியது.

கூடுதல் நொடி

பூமியின் சுழற்சி சீரானதல்ல. அதற்கு ஈடாக 1972 முதல் 2016 வரை உலகப் பொது நேரத்தில் 27 கூடுதல் நொடிகள் சேர்க்கப்பட்டன. 2012 ஜூன் 30 அன்று, இந்திய நேரப்படி ஜூலை 1 காலை 5:30 மணிக்குச் சற்று முன், ஒரு நொடி சேர்ந்தபோது உலகெங்கும் லினக்ஸ் சேவையகங்கள் திணறின. கெர்னலின் நேரம் மாறிய செய்தி வேலைகளை உரிய நேரத்தில் எழுப்பும் அதன் பகுதிக்குச் சொல்லப்படாததால், காத்திருக்க வேண்டிய வேலைகள் ஓயாமல் விழித்துச் செயலியை முழுதாக விழுங்கின. எடைகளுக்கும் அளவைகளுக்குமான பொதுமாநாடு 2022இல், 2035க்குள் இந்த ஏற்பாட்டை மாற்ற முடிவு செய்தது.

இந்தியாவின் நேர மூலம்

இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் அணுக் கடிகாரங்களிலிருந்து வலையமைப்பு வழியாகவும் நேரம் பகிரப்படுகிறது. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை இந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் சேவையகங்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்திக் காட்டக்கூடிய மூலங்களோடு ஒத்திசைக்க வேண்டும். இணையத் தாக்குதலின் தடயத்தைத் தொடரும்போது பல கணினிகளின் பதிவுகளை ஒரே வரிசையில் அடுக்க வேண்டியிருப்பதே இதன் காரணம்.

இடமறிய உதவும் இந்தியாவின் நேவிக் செயற்கைக்கோள்களும் நேரம் தருகின்றன. முதல் செயற்கைக்கோளின் மூன்று ருபீடிய அணுக் கடிகாரங்களும் செயலிழந்தது இந்தியாவுக்குக் கடினமான பாடம். 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 உள்நாட்டில் செய்த ருபீடியக் கடிகாரத்தை ஏந்திச் சென்றது.

இன்றைய கொற்கைக் கரை

1974 ஜூலையில் பெருந்துறைமுகமான தூத்துக்குடி இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கு வரும் கப்பல்களின் தானியங்கி அடையாளக் கருவிகள் ஒவ்வொரு நிமிடத்தையும் 2,250 கூறுகளாகப் பிரித்து, தமக்குரிய 26.67 மில்லிநொடியில் மட்டும் பேசுகின்றன. செயற்கைக்கோள் தரும் நேரத்தில் எல்லாக் கப்பல்களும் ஒன்றிநிற்பதால்தான் ஒரே அலைவரிசையில் ஒன்றின் குரல் மற்றதை மறைப்பதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியைத் தூத்துக்குடியின் அலைமானியும் பதிவு செய்தது. அலை எந்தக் கரையை எப்போது தொட்டது என்பதைப் பல துறைமுகங்களின் பதிவுகளை ஒப்பிட்டே கணிக்க முடியும். அலைமானியின் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலும் அந்தக் கணிப்பு பழுதாகும். ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் இத்தகைய பதிவுகளை நம்பியே இருக்கிறது. கொற்கைக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் அமையவிருக்கும் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏவுகலத்தைத் தொடரும் நிலையங்கள் அனைத்தும் ஒரே நேரத்தைப் பகிர்ந்தாக வேண்டும் என்பதால், துல்லிய நேரத்தின் தேவை இக்கரையில் இன்னும் வளரும்.

எதிர்வரும் எல்லை

நொடிகளை 32 பிட் எண்ணாக வைத்திருக்கும் அமைப்புகளில் அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பிவிடும்; அடுத்த நொடியில் ஆண்டு 1901 ஆகிவிடும். 2020இல் வந்த லினக்ஸ் 5.6, 32 பிட் கணினிகளுக்கும் இதற்கான தீர்வைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அலைமானி, வாயிற்கதவுக் கருவி, படகுக் கண்காணிப்புப் பெட்டி போல ஒருமுறை பொருத்திவிட்டுப் பல ஆண்டு தொடாமல் விடப்படும் கருவிகளுக்குள் பழைய கெர்னல்களே இருக்கும். அவற்றை வைத்திருக்கும் துறைமுகங்களும் அலுவலகங்களும் இப்போதே கணக்கெடுத்து, 2038க்கு முன் புதுப்பிக்க வேண்டும்.