வருங்கால வைப்பு நிதி கடல் கடந்த வழி: செம்பூரை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஓய்வுபெற்ற ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பை வேறொரு நாட்டுக்குக் கொண்டுசெல்ல முற்படும்போது இரண்டு அரசுகள் அவரிடம் இருவேறு கேள்விகளை எழுப்புகின்றன. பணம் புறப்படும் நாடு, ‘இது வெளியேறலாமா?’ என்று கேட்கிறது. பணம் சேரும் நாடு, ‘இது போதுமா, எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கிறது. இந்தியாவில் அந்நியச் செலாவணி குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி முதற்கேள்வியையே பேசுகிறது. குடிபெயர்வு ஆய்வுகள் இரண்டாவதைப் பேசுகின்றன. இவ்விரண்டும் ஒரே முதியவரின் ஒரே வங்கிக் கணக்கில் சந்திக்கும் இடம் போதிய கவனம் பெறவில்லை. அந்தச் சந்திப்பைக் காண மும்பையின் செம்பூர் ஏற்றதோர் இடமாகும்.

மாட்டுங்காவில் வேர்கொண்ட தமிழ் நடுத்தர வர்க்கம் வடகிழக்கே செம்பூர் நோக்கி விரிந்ததற்கு 1950-களின் தொழில்மயமாக்கம் முக்கியக் காரணம். 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1967-இல் அது பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாறியது. 1954, 1955 ஆண்டுகளில் மாஹுல் பகுதியில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. 1970-களின் நடுவில் அவை தேசியமயமாகி இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆயின. அருகே உரத் தொழிற்சாலையும் எழுந்தது. இந்நிறுவனங்களின் கணக்காளர், சுருக்கெழுத்தாளர், பொறியாளர், ஆய்வாளர் ஆகியோரின் குடும்பங்கள் செம்பூரின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களை நிரப்பின. செட்டா நகர் முருகன் கோயிலும் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் அரங்கும் அக்குடியிருப்பின் பண்பாட்டு முகங்கள். அதன் பொருளியல் முகம், மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட வருங்கால வைப்பு நிதி ஆகும்.

அந்நிதியின் சட்ட அமைப்பை நோக்குதல் அவசியம். ஊழியர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. ஊழியர் ஒரே நாட்டில் உழைத்து, அதே நாட்டில் முதுமை எய்துவார் என்பது அதன் அடிப்படை எண்ணம். ஆயினும் அதன்கீழ் வகுக்கப்பட்ட திட்டத்தின் 69-ஆம் பத்தி ஒரு விதிவிலக்கை அனுமதித்தது: வெளிநாட்டில் நிலையாகக் குடியேறுபவர் புறப்படுமுன் தம் கணக்கிலுள்ள முழுத் தொகையையும் பெற்றுக்கொள்ளலாம். நிதியைப் பெறும் உரிமை இங்கே தரப்பட்டது. பெற்ற ரூபாயை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்லும் உரிமை தரப்படவில்லை. அது முற்றிலும் வேறொரு சட்டத்தின் கையில் இருந்தது.

அந்த வேறு சட்டத்தின் தோற்றம் போரில் இருந்தது. 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் மூண்டவுடன், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அறிமுகமாயிற்று. போர் முடிந்த பின்னும் அது நீங்கவில்லை. 1947-இல் தனிச் சட்டமாயிற்று. 1973-இல் இயற்றப்பட்டு 1974 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அக்கட்டுப்பாட்டை இறுக்கியது. மீறல் குற்றவியல் குற்றமாகக் கருதப்பட்டது; சிறைத்தண்டனைக்கும் இடமிருந்தது. டாலரும் பவுண்டும் தேசத்தின் பொதுச் சொத்து, தனிமனிதர் அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை நிலைப்பாடு. ஒருவரின் வைப்பு நிதி எத்தனை ஆண்டு உழைப்பின் பயனாயினும், ரூபாயாக இருக்கும்வரைதான் அது அவருடையதாக இருந்தது.

இக்கட்டுப்பாடு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஓய்வுக்காலச் சேமிப்பின் எல்லைக் கடப்பு இரு அரசுகளின் பேச்சுவார்த்தை மேசைக்கே வந்த நிகழ்வு, தமிழர் வரலாற்றில் எதிர்த்திசையில் நடந்தது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் நாடற்ற இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய ஏறத்தாழ 1,50,000 பேர் குறித்த முடிவு பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வொப்பந்தத்தை ஆள்கணக்காகவே பலரும் நினைவுகூர்கின்றனர். ஆனால் அதில் பணத்தைப் பற்றிய பிரிவு ஒன்றும் உண்டு. இந்தியா திரும்புவோர் இறுதியாகப் புறப்படும்போது வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை உள்ளிட்ட தம் உடைமைகள் அனைத்தையும் கொண்டுசெல்ல இலங்கை அரசு இசைந்தது. ஆயினும், அப்போது நடைமுறையிலிருக்கும் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டே இது நிகழும் என்றும், அவ்விதிகள் அவர்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டா என்றும் கூறப்பட்டது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்ற உறுதியும் அளிக்கப்பட்டது.

இப்பிரிவைக் கூர்ந்து படித்தால் இரண்டு செய்திகள் புலனாகும். ஒன்று, தோட்டத் தொழிலாளியின் வைப்பு நிதி அவருடைய உழைப்போடு ஒட்டியது, எல்லையைக் கடந்தும் அவரைத் தொடரவேண்டியது என்பதை இரு அரசுகள் எழுத்தில் ஏற்றன. இரண்டு, அந்த ஏற்பு தரப்பட்ட அதே வாக்கியத்திலேயே செலாவணிக் கட்டுப்பாட்டின் மேலாண்மையும் ஏற்கப்பட்டது. இலங்கையின் வைப்பு நிதிச் சட்டம் 1958-ஆம் ஆண்டுக்குரியது. எனவே 1964-இல் அந்நிதியில் சேர்ந்திருந்தது சில ஆண்டுகளின் பிடித்தமே. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களின் முதுமைக்காப்பு அவ்வளவு மெலிந்த கணக்காகவே பாக்கு நீரிணையைக் கடந்தது.

செம்பூரின் கதை வேறு வகையினது. ஆனால் சட்டச் சிக்கலின் வடிவம் ஒன்றே. 1965-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தேசியவாரி ஒதுக்கீட்டை நீக்கியதும் இந்தியப் பொறியாளரும் மருத்துவரும் அந்நாட்டில் குடியேறும் வழி அகன்றது. அங்கே குடியுரிமை பெற்றவர் தம் பெற்றோரை எண்ணிக்கை வரம்பின்றி அழைத்துக்கொள்ளவும் அச்சட்டம் இடமளித்தது. டிராம்பே ஊழியர்களின் பிள்ளைகள் இவ்வழியே சென்றனர். காலப்போக்கில் பெற்றோரையும் அழைத்தனர். கட்டுப்பாட்டுக் காலத்தில் அவ்வாறு சென்ற பெற்றோரின் சேமிப்பு பெரும்பாலும் இந்திய வங்கியிலேயே தங்கிவிட்டது. வீடு வாடகைக்கு விடப்பட்டது, அல்லது உறவினரின் பொறுப்பில் பூட்டிக் கிடந்தது. ஆயுள் முழுவதும் தற்சார்பாக வாழ்ந்தவர் கையில் பணமின்றி விமானம் ஏறி, மகனின் சம்பளத்தை நம்பி வாழும் நிலை இதனால் உருவாயிற்று. முதுமையில் பொருளியல் சார்பு என்று சமூகவியல் பேசும் நிலைக்கு அன்புக் குறைவோ குடும்பச் சிதைவோ மட்டும் காரணமல்ல. செலாவணிச் சட்டமும் ஒரு காரணம்.

மாற்றம் 1991-இன் நெருக்கடிக்குப் பின்னரே வந்தது. அவ்வாண்டு இருப்பிலிருந்த தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு நாடு தள்ளப்பட்டது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாயின் மாற்றத்தக்க தன்மை ஏற்கப்பட்டது. 1999-இல் இயற்றப்பட்ட அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூன் 1 முதல் செயற்பட்டது. மீறல் அதன்பின் உரிமையியல் தவறாக மட்டுமே கருதப்பட்டது. ‘ஒழுங்குமுறை’ என்ற சொல் ‘மேலாண்மை’ என மாறியதே ஒரு கொள்கை அறிவிப்பு. 2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தை அறிவித்தது. தொடக்கத்தில் தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் அனுப்பலாம். அவ்வரம்பு 2007-க்குள் 2,00,000 டாலராக உயர்ந்தது. 2013-இல் ரூபாய் சரிந்தபோது 75,000-க்கு இறக்கப்பட்டு, 2015 முதல் 2,50,000 டாலராக நிலைபெற்றது. இத்திட்டம் பிறந்ததற்குச் சில வாரங்கள் முன்பு, 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர்க்கு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் நீங்கி, பங்களிப்பு அடிப்படையிலான புதிய திட்டம் வந்தது. ஒரே காலாண்டில் அரசு முதுமையின் பொறுப்பைத் தனிமனிதரிடம் ஒப்படைத்தது. சேமிப்பை வெளியே அனுப்பும் உரிமையையும் தனிமனிதருக்கு அளித்தது. இவ்விரண்டையும் தனித்தனியே படிப்பது வரலாற்றைப் பாதியாகப் படிப்பதாகும்.

இன்று சட்டத்தில் இரண்டு கதவுகள் உள்ளன. இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்வரை மேற்கூறிய திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 2,50,000 டாலர் அனுப்பலாம். நிலையாகத் தங்கும் நோக்குடன் வெளிநாடு சென்றவுடன் அக்கதவு மூடிக்கொள்கிறது. சாதாரண வங்கிக் கணக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்க்குரிய கணக்காக மாறவேண்டும். அக்கணக்கிலிருந்து, வரி செலுத்தியதற்கான சான்றுகளோடு, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்ப இயலும். மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் நடப்பு வருமானம் என்பதால் அவ்வரம்புக்குள் அடங்காது. எனவே எவ்வளவு அனுப்பலாம் என்பதைவிட எப்போது அனுப்புவது என்பதே முதன்மைக் கேள்வியாகிறது. வீட்டை விற்பது, பணத்தை மாற்றுவது, விமானம் ஏறுவது என்ற மூன்றின் வரிசை மாறினால் பொருந்தும் விதியும் மாறும்.

குடும்பத்துக்குள்ளும் இச்சட்டம் ஒரு கோடு கிழிக்கிறது. வரம்பு ஒவ்வொரு தனிநபருக்கும் உரியது. ஆனால் வெளிநாட்டில் வங்கிக் கணக்கு தொடங்குவது போன்ற மூலதனக் கணக்குப் பரிமாற்றங்களில், உடைமையில் கூட்டு உரிமை இல்லாத குடும்ப உறுப்பினரின் வரம்பைச் சேர்த்துக் கணக்கிட முடியாது. வீடும் வைப்பும் கணவர் பெயரில் மட்டுமே இருக்கும் குடும்பத்தில், நாற்பதாண்டு இல்லறத்தை நடத்திய மனைவி இவ்விதியின் பார்வையில் சேமிப்பு இல்லாதவர்.

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம். புறப்படும் நாட்டின் கதவு தளர்ந்த அதே காலத்தில் சேரும் நாடுகளின் கதவில் பணக்கணக்கு ஏறியது. அமெரிக்கா 1996-இல் இயற்றிய சட்டத்தின் பயனாக, 1997 டிசம்பர் முதல் பெற்றோரை அழைப்பவர் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்திடவேண்டும். வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காட்டை வருமானம் எட்டாவிடில் குறைவைச் சொத்தால் ஈடுசெய்யலாம். பெற்றோரைப் பொறுத்தவரை அச்சொத்து குறைவின் ஐந்து மடங்காக இருக்கவேண்டும்: 4,000 டாலர் குறைந்தால் 20,000 டாலர் காட்டவேண்டும். குடியேறும் பெற்றோரின் சொத்தையே இதற்குக் காட்டவும் இடமுண்டு. ஆனால் அது ஓராண்டுக்குள் பணமாக மாற்றத்தக்கதாகவும், அது இருக்கும் நாட்டிலிருந்து வெளியே எடுத்துச்செல்லத் தக்கதாகவும் இருக்கவேண்டும். செம்பூர் அடுக்குமாடி வீடு அமெரிக்கத் தூதரகத்தில் சான்றாக நிற்குமா என்பதை இந்தியச் செலாவணி விதியே தீர்மானிக்கிறது. இரு கேள்விகளும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே.

பிற நாடுகளின் வழி வேறாயினும் போக்கு ஒன்றே. ஆஸ்திரேலியா 2003-இல் பங்களிப்புப் பெற்றோர் விசாவை ஏற்படுத்தி, உறுதியளிப்பவர் பத்தாண்டுக்கு வைப்புத்தொகை கட்டவேண்டும் என்றது. தாய்லாந்து 50 வயது கடந்தவரிடம் 8,00,000 பாட் வங்கி இருப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் கேட்கிறது. வங்கி இருப்பாயின் அது விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே கணக்கில் அமர்ந்திருக்கவேண்டும். அங்கே பணம் அசையாதிருப்பது நற்சான்று. இந்திய விதியோ, 2022 முதல், அனுப்பிய பணம் பயன்படாமலோ மறுமுதலீடு ஆகாமலோ இருப்பின் 180 நாட்களுக்குள் திரும்பவேண்டும் என்கிறது. ஒரே தொகையிடம் ஓர் அரசு அசையாமையை எதிர்பார்க்க, மற்றொன்று அசைவை எதிர்பார்க்கிறது.

இடையில் வரியும் நுழைந்தது. 2020 அக்டோபர் முதல் வெளியே அனுப்பும் தொகையில் முன்கூட்டியே வரி வசூலிக்கப்படுகிறது. 2023 அக்டோபரில் கல்வி, மருத்துவம் தவிர்த்த பெரும்பாலான நோக்கங்களுக்கு அவ்விகிதம் 20 விழுக்காடாயிற்று. 2025 ஏப்ரலில் விலக்கு வரம்பு 10 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. இக்கணக்கின்படி 50 லட்சம் அனுப்புபவரிடம் 8 லட்சம் பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதனை ஈடுசெய்யவோ திரும்பப் பெறவோ இயலும். ஆயினும் விசாவுக்கான இருப்புத்தொகை குறிப்பிட்ட நாளில் முழுமையாக இருக்கவேண்டிய முதியவருக்கு, பின்னர் கிடைக்கும் 8 லட்சம் அந்நாளில் இல்லாத 8 லட்சமே.

இவ்வமைப்பு முழுவதும் ஆவணத்தைச் சார்ந்தது. வைப்பு நிதிக் கணக்குச் சீட்டு, பணிக்கொடை ஆணை, வீட்டு விற்பனைப் பத்திரம், வரிச் சான்று ஆகியவை உள்ளவருக்கே ‘எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்கு விடை உண்டு. செம்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தமிழரின் முதுமையை இதனோடு ஒப்பிடவேண்டும். அமைப்புசாராத் தொழிலில் ரொக்கக் கூலியாகச் சேர்த்த பணத்துக்குப் பிறப்புச் சான்று இல்லை. அவர்தம் பிள்ளைகளும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். ஆனால் பெற்றோரின் சேமிப்பைச் சான்றாகக் காட்டும் வழி அவர்களுக்கு ஏறத்தாழ இல்லை. ஒரே நகரத்தின் ஒரே மொழிச் சமூகத்துக்குள், சம்பளப் பட்டியலில் பெயர் இருந்ததா இல்லையா என்பது அடுத்த தலைமுறையின் குடும்ப ஒன்றிணைவையும் வரையறுக்கிறது.

1964-இன் ஒப்பந்தம், எத்துணைக் குறையுடையதாயினும், வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் பெயர் சொல்லிக் குறித்தது. அவை உழைத்தவரின் உடைமை என்று ஏற்றது. இன்றைய விதிகளின்கீழ் வரம்பு பன்மடங்கு பெரிது. ஆனால் எல்லையைக் கடக்கும் தொகை ஓய்வுக்காலச் சேமிப்பு என்ற தனி அடையாளத்தை இழந்து, முதலீட்டாளரின் பணத்தோடும் சுற்றுலாப் பயணியின் பணத்தோடும் ஒரே படிவத்தில் ஒரு நோக்கக் குறியீடாகச் சுருங்குகிறது. தாராளமயமாக்கத்தின் வரலாற்றை வரம்புத் தொகைகளின் ஏற்றமாக மட்டும் எழுதினால் இவ்விழப்பு கண்ணில் படாது. அதை எழுத விரும்பும் ஆய்வாளர் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளோடு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் உரிமை மாற்றப் பதிவேடுகளையும் புரட்டவேண்டும். யார் பெயரில் வீடு இருந்தது, எந்த ஆண்டில் விற்கப்பட்டது, விற்றவர் அப்போது எங்கே வசித்தார் என்ற மூன்று செய்திகளும் அங்கேதான் பதிவாகியுள்ளன.