ஐஸ்மிட்டெ: கணக்கு முடித்த விதம்

தமிழில் ஆல்ஃபிரட் வெக்னரின் பெயர் பெரும்பாலும் ஒரு தடியாகவே பயன்பட்டிருக்கிறது. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் இனங்களின் பரவலை விளக்க வேண்டி, மூழ்கிப்போன ஒரு நிலப்பரப்பைக் கற்பித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். நம்மவர்கள் அதைக் குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்று 1912இல் சொன்ன வெக்னரை, இதை மறுக்க வந்தவர்கள் எடுத்து ஓங்கினார்கள். இரு தரப்புக்கும் அந்த மனிதர் தேவைப்படவில்லை. அவர் பெயர் போதுமாக இருந்தது. அவர் தொழிலால் வானிலை ஆராய்ச்சியாளர் என்பதும், நான்கு முறை கிரீன்லாந்து போனவர் என்பதும், நான்காவது முறை திரும்பி வரவில்லை என்பதும் விவாதத்துக்கு வெளியே நின்றன.

நான் எழுத வந்தது கண்டங்களைப் பற்றி அல்ல. அந்த நான்காவது பயணத்தின் களப்பணி எப்படி முடிக்கப்பட்டது, யார் எதை மூட்டை கட்டினார்கள், எது மூட்டைக்குள் வராமல் போயிற்று என்பது பற்றி. துருவ யாத்திரைகளின் சரித்திரம் புறப்பாடுகளால் நிரம்பியது. கப்பல் கிளம்புவதும் கொடி அசைவதும் பக்கம் பக்கமாக இருக்கும். கடைசி அளவை எடுத்துவிட்டுக் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும் நாளுக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

இதில் எனக்கு ஒரு சொந்த உறுத்தல் இருக்கிறது. வாலிபத்தில் சில வருஷங்கள் ஒரு தாலுகா ஆபீஸில் மழைமானிக் குறிப்பேட்டை எழுதியவன் நான். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். ஒரு கார்த்திகை மாதம், ஒரு நாள் நான் போகவில்லை. மறுநாள் போனபோது மானியில் இரண்டு நாள் தண்ணீர் இருந்தது. அளந்தேன். அதை இரண்டாகப் பிரித்து, முதல் நாள் கொஞ்சம் கூடுதலாகப் பெய்ததுபோல் நினைவு என்று, இரண்டு கட்டங்களிலும் எழுதினேன். மொத்தம் பொய்யல்ல. நாள்தான் பொய். அந்த வரிக்கும் மற்ற வரிகளுக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. அதே மை, அதே கையெழுத்து. கேயோர்கி என்ற ஜெர்மானியர் பனியின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பின்னாளில் படித்தபோது இந்தக் கட்டங்கள்தான் கண்முன் வந்தன.

திட்டம் வெக்னருடையது. கிரீன்லாந்தை மூடியிருக்கும் பனிப்போர்வைக்கு மேல் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரு முழு வருஷம் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் மூன்று நிலையங்கள்: மேற்குக் கரைப் பக்கம் ஒன்று, கிழக்குக் கரையில் ஒன்று, நடுப்பனியில் ஒன்று. இந்த மூன்றாவதற்கு ஐஸ்மிட்டெ என்று பெயர். பனியின் நடு என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை. மேற்கு நிலையத்திலிருந்து 400 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டர். அங்கே குளிர்காலம் முழுக்க யாரும் தங்கிப் பார்த்ததில்லை.

1930 வசந்தத்தில் கடற்பனி வழிவிடவில்லை. கரையிறங்க 38 நாள் தாமதம். துருவத்தில் கோடை என்பதே சில வாரங்கள்தான். அதில் 38 நாள் போனால் பின்னால் வரும் எல்லாத் தேதிகளும் சரிந்துவிடும். பிறகு நடந்தவை யாவும் இந்தச் சரிவின் விளைவுகள் என்றே எனக்குப் படுகிறது. ஐஸ்லாந்துக் குதிரைகளைக் கொண்டு சாமான்களைப் பனியாற்றின் மேல் ஏற்றினார்கள். விமான எஞ்சினும் சுழலியும் பொருத்திய இரண்டு சறுக்குவண்டிகள் நவீனத்தின் பெருமையாக வந்திருந்தன. இலையுதிர்காலப் புதுப்பனியில் அவை நகர மறுத்தன. கடைசியில் நாய்களையும் கிரீன்லாந்துக்காரர்களையும் நம்பித்தான் காரியம் நடந்தது.

ஜோஹான்னஸ் கேயோர்கி ஜூலை 30ஆம் தேதி நடுப்பனியில் நிலையத்தைத் தொடங்கினார். எர்ன்ஸ்ட் ஸோர்கெ செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். மண்ணெண்ணெய் போதாது, உணவு போதாது. குடியிருக்கக் கொண்டுவர வேண்டிய வீடு வரவில்லை. வானொலிக் கருவியும் இல்லை. அக்டோபர் 20ஆம் தேதிக்குள் எரிபொருள் வந்து சேராவிட்டால் தாங்கள் கையால் வண்டியை இழுத்துக்கொண்டு மேற்கே நடந்து வந்துவிடுவதாக, திரும்பிப் போகும் வண்டிக்காரர்களிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்கள்.

இந்தக் கடிதத்தை வைத்துப் பின்னால் நிறையச் சண்டை நடந்தது. வெக்னரைச் சாவுக்கு இழுத்தது அதுதான் என்று சொன்னவர்கள் உண்டு. கேயோர்கி பல வருஷங்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேர்ந்தது. எனக்கு அந்தக் குற்றச்சாட்டில் சம்மதமில்லை. குளிர்காலத்துக்கு முன்பு கையிருப்பைச் சரியாகச் சொல்வது கடமை. ஆனால் ஒரு கடிதம் எழுதப்பட்ட நாளின் மனநிலையை மட்டுமே சுமந்து செல்கிறது. எழுதியவன் மனம் மாறினால் அந்தச் செய்தி கடிதத்தை ஓடிப் பிடிக்க முடியாது. இங்கே நடந்தது அதுதான். அக்டோபரில் அவர்கள் இருவரும் பனிக்குள் குடைந்து ஒரு குகை செய்துகொண்டார்கள். வெளிக்குளிரைப் பார்க்க உள்ளே எவ்வளவோ மேல். உள்ளதை அளந்து செலவழித்தால் தங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வெக்னருக்கு இதைச் சொல்ல வழியில்லை.

செப்டம்பரின் பிற்பகுதியில் வெக்னர் ஃப்ரிட்ஸ் லோவெயுடனும் 13 கிரீன்லாந்துக்காரர்களுடனும் 15 சறுக்குவண்டிகளில் கிளம்பியிருந்தார். வழியில் கடிதம் கையில் கிடைத்தது. குளிர் ஏறியது, பனி ஆழமாகியது. கிரீன்லாந்துக்காரர்களில் 12 பேர் கட்டங்கட்டமாகத் திரும்பிவிட்டார்கள். இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் அந்த ஊரின் பருவத்தை அறியாதவர்கள். அந்தப் பருவத்தில் நடுப்பனிக்குப் போகக் கூடாது என்பதை அங்கே பிறந்தவர்கள் சொன்னார்கள், சொன்னபடி செய்தார்கள். பதின்மூன்றாமவர் திரும்பவில்லை. அவர் பெயர் ராஸ்முஸ் வில்லும்சென். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அவர் ஏன் தொடர்ந்தார் என்பதற்கு அவர் வாய்ச்சொல்லாக ஒரு வரிகூட இல்லை.

அக்டோபர் 30ஆம் தேதி மூவரும் ஐஸ்மிட்டெ போய்ச் சேர்ந்தார்கள். வழியில் மைனஸ் 54 டிகிரி. கொண்டுவந்த சுமையில் அநேகமாக எல்லாவற்றையும் வழியிலேயே இறக்கிவிட வேண்டியிருந்தது. நிலையத்துக்குக் கொடுக்க ஏதுமில்லை. லோவெயின் கால்விரல்கள் உறைந்து செத்திருந்தன. குகைக்குள் இருந்தவர்கள் தங்கும் தீர்மானத்தோடு இருந்தார்கள். ஆக, எந்த நோக்கத்துக்காக அந்தப் பயணமோ, அந்த நோக்கம் போய்ச் சேர்வதற்கு முன்பே இல்லாமல் போயிருந்தது. லோவெ நகர முடியாது. ஐந்து பேருக்கு உணவு இல்லை. நவம்பர் 1, வெக்னரின் ஐம்பதாவது பிறந்தநாள். அன்றே அவரும் வில்லும்செனும் இரண்டு வண்டிகளில் மேற்கே கிளம்பினார்கள்.

அடுத்த ஆறு மாதம் இரண்டு நிலையங்களும் இரண்டு வேறு உண்மைகளில் வாழ்ந்தன. வெக்னர் நடுப்பனியில் தங்கிவிட்டார் என்று மேற்கு நிலையம் நினைத்தது. அவர் மேற்கு நிலையம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஐஸ்மிட்டெ நினைத்தது. இரண்டு இடத்திலும் அவர் உயிரோடு இருந்தார். இதற்கு மேல் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கதை எழுதுகிறவர்கள் இதை எடுத்துக்கொண்டு கெடுக்காமல் இருந்தால் சரி.

குகைக்குள் கேயோர்கி லோவெயின் செத்த விரல்களைப் பேனாக்கத்தியால் வெட்டி எடுத்தார். மயக்க மருந்து இல்லை. மூவரும் வேலையை நிறுத்தவில்லை. வெளியே மைனஸ் 64 டிகிரிக்கும் கீழே இறங்கியது. ஸோர்கெ குகையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். ஏறத்தாழ 15 மீட்டர். வெட்டிய பனியைக் கட்டியாக அறுத்து, அளந்து, எடைபோட்டு அடர்த்தியைக் கணக்கிட்டார். கோடையில் விழுந்த பனியும் குளிர்காலத்தில் விழுந்த பனியும் ஒன்றுபோல் இருப்பதில்லை; அந்த வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு வருஷங்களைக் கீழ்நோக்கி எண்ணினார். ஆண்டுதோறும் விழும் பனியின் அளவு மாறாமல் இருந்தால், இன்ன ஆழத்தில் இன்ன அடர்த்தி என்ற உறவும் மாறாமல் இருக்கும் என்ற கருத்துக்குப் பிற்காலத்தில் ஸோர்கெ விதி என்று பெயர் வந்தது. பனியைக் குழாயால் துளைத்து ஆயிரக்கணக்கான வருஷங்களின் தட்பவெப்பத்தைப் படிக்கும் இன்றைய வித்தைக்கு இந்தக் கிணறு முன்னோடி. கருவி என்று பார்த்தால் ரம்பமும் தராசும் அளவுகோலும்தான்.

மே மாதத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்போதுதான் இரு பக்கமும் தெரிந்துகொண்டன. தேடிப் போனார்கள். கரையிலிருந்து 189 கிலோமீட்டரில், பனியில் நிறுத்தியிருந்த வெக்னரின் பனிச்சறுக்குக் கட்டைகள் தெரிந்தன. 1931 மே 12ஆம் தேதி தோண்டினார்கள். துருவமான் தோலின் மேல், படுக்கைப்பை உறைகளுக்குள் வைத்துத் தைக்கப்பட்ட உடல். உறைந்து செத்த அடையாளங்கள் இல்லை. கூடாரத்துக்குள், அளவுக்கு மீறிய உழைப்பால் இருதயம் நின்றிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். தைத்தவர், புதைத்தவர், அடையாளம் நட்டவர் வில்லும்சென். அவர் வெக்னரின் டைரியை எடுத்துக்கொண்டு மேற்கே போயிருக்கிறார். அவர் தங்கிய சில இடங்களின் தடயங்கள் கிடைத்தன. பிறகு ஒன்றுமில்லை. உடலும் கிடைக்கவில்லை, டைரியும் கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டும்: தனியாகி, உயிர் பிழைப்பதே சந்தேகமான நிலையில், அந்த இளைஞர் செத்தவரின் எழுத்தைச் சுமந்துகொண்டு போனார். ஆராய்ச்சியின் பயனை மதித்தாரா, வீட்டாருக்குக் கொடுக்க நினைத்தாரா, சொன்னால் நம்பமாட்டார்கள் என்று சாட்சிக்கு வைத்துக்கொண்டாரா? மூன்றில் எதையும் நான் எழுதிவிடலாம், வாசிக்க நன்றாகவும் இருக்கும். இரண்டு நாள் தண்ணீரைப் பங்கு போட்ட கை இது. அதனால் எழுதாமல் விடுகிறேன். இருவரும் இறந்தார்கள் என்பது மொத்தம். எந்த நாள் யாருக்கு என்பது நம்மிடம் இல்லை. வெக்னரின் மரணத்தை நவம்பரின் நடுவில் வைத்து எழுதுகிறவர்கள் மொத்தத்தைப் பிரித்து எழுதுகிறார்கள்.

செய்தி தெரிந்தபின் எல்லாரும் மேற்கே போய்விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தலைவர் இறந்துவிட்டார், லோவெயை வைத்தியத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஸோர்கெயும் கிளம்பினார். கேயோர்கி தங்கினார். ஒரு வருஷம் முடிய ஜூலை இறுதிவரை ஆக வேண்டும். மே, ஜூன், ஜூலை இல்லாவிட்டால் அந்த அட்டவணை ஒன்பது மாதத் துண்டு. கோடை இல்லாத வருஷச் சராசரி சராசரியே அல்ல. அவர் அதே குகையில் தனியாக இருந்து, நேரம் தவறாமல் வெப்பத்தையும் அழுத்தத்தையும் காற்றையும் எழுதினார். இதில் வீரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கண்ணில் படாது. கடிதம் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததா என்று யோசிக்கத் தோன்றுகிறது, அதையும் விட்டுவிடுகிறேன்.

கோடையில் மற்றவர்கள் மறுபடி வந்தார்கள். முந்தின வருஷம் நகர மறுத்த சுழலி வண்டிகள் இப்போது ஓடின. வெடிவைத்து, அதிர்வு அடிப்பாறைக்குப் போய் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு பனியின் தடிமனை அளந்தார்கள். நடுவில் அது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் என்று தெரிந்தது. ஆகஸ்டில் கேயோர்கி நிலையத்தை மூடினார். முழு வருஷமும் கையில் இருந்தது. பயணத்தின் முடிவுகள், தலைமையை ஏற்றுக்கொண்ட அண்ணன் குர்ட் வெக்னரின் பதிப்பில், 1933 முதல் 1940 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தன.

வெளிவந்த காலத்தைப் பாருங்கள். லோவெ யூதர், 1933இல் வேலை போயிற்று, நாட்டைவிட்டு இங்கிலாந்துக்குப் போய், பிறகு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் துறையைத் தொடங்கி நடத்தினார். ஸோர்கெ 1946இல் இறந்தார். வெக்னரின் மனைவி எல்ஸெ, லோவெயின் துணையோடு, 1932இலேயே இந்தப் பயணத்தைப் புத்தகமாக்கிவிட்டிருந்தார். நமக்குத் தெரிந்த கதையில் பெரும்பகுதி திரும்பி வந்தவர்களின் குறிப்புகளால் ஆனது. கிரீன்லாந்து நகர்கிறது என்பதற்குச் சான்றாக வெக்னர் நம்பிய தீர்க்கரேகை அளவுகள் தவறு. அவை காட்டியது ஆண்டுக்குப் பத்துக்கணக்கான மீட்டர், உண்மை சில சென்டிமீட்டர். எண் தவறி, கருத்து நின்றது. கேயோர்கியின் அட்டவணையில் கருத்து என்று எதுவும் இல்லை, எண்கள் நின்றன.

வெக்னரை எடுக்காமல் அங்கேயே விட்டு, மேலே பனிக்கட்டிகளை அடுக்கினார்கள். அந்த இடத்தில் வருஷாவருஷம் புதுப்பனி விழுந்து பழையதை அழுத்துகிறது. ஸோர்கெ எடைபோட்ட அதே காரியம். அவர் இப்போது பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறார், பனியோடு சேர்ந்து மெல்லக் கடல்பக்கம் நகர்கிறார். அங்கிருந்து மேற்கே எங்கோ, எத்தனையாவது கிலோமீட்டரிலோ, அந்த டைரியும் அப்படித்தான்.