உழைப்பின் உருவமும் ஓவியக் கல்வியும்

பின்னாளில் சென்னைத் துறைமுகம் எழுந்த கரைக்கு அணித்தான பிராட்வேயில், 1850இல் ஓர் ஓவியப் பள்ளி தோன்றியது. அதனை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர். அப்பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெயர்ந்து, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகத் திகழ்கிறது.

எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்து வரைவது எளிதன்று. ஒற்றைக் காலில் எடை தங்கினால் அப்பக்கத்து இடுப்பு உயரும். அதே பக்கத்துத் தோள் தாழும். கழுத்துக்குழி அக்குதிகாலுக்கு நேர்மேலே நிற்கும். கையினும் கண்ணே முதலில் பழக வேண்டும்.

1929 முதல் 1957 வரை அங்கு முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959இல் மெரினாவில் நிறுவப்பெற்றது. பாறையைப் பெயர்க்கும் நால்வரின் உருவுக்காக நின்றவர்கள் கல்லூரியின் இரவுக் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவரும் என்பர். சிற்பியின் பெயரை வினவுவோர் பலர். நின்றவரை நினைப்போர் அரியர்.

இராயபுரம், திருவொற்றியூர் மக்களுக்கு அவ்வுடல் புதிதன்று. மூட்டை சுமந்த முதுகுகளை அவர்கள் நாளும் கண்டவர்கள். 1983இல் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் தொடங்கிற்று. முதுகின் பாரம் படிப்படியாகப் பாரந்தூக்கிகளுக்கு மாறியது. அம்மாற்றம் நன்றே. ஆயினும், சுமந்தவர் நின்ற நிலையை இனி உரைக்கவல்லது, அவரை நேர்நின்று நோக்கிய கலையே.